கை காட்டினால் நிற்கும் கப்பல்

வங்காள விரிகுடாவில் டவுன் பஸ் விட்ட ஒரே மனிதர் எங்கள் சர்வீஸ்தான். இதைச் சொன்னால் என் வீட்டிலேயே நம்ப மறுக்கிறார்கள். நம்பாதவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. அந்த டவுன் பஸ்ஸில் முதல் ஸ்டாப்பிலிருந்து கடைசி ஸ்டாப் வரை வாந்தி எடுத்துக்கொண்டே போன பயணி நான் என்பதால், இந்த விஷயத்தில் எனக்குப் பேச உரிமை உண்டு.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தெரியாது. பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஏரியைக் கடந்து அக்கரைக் குப்பங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் தோணி அவருடையது. அதை 'சர்வீஸ் தோணி' என்பார்கள். தோணியின் பெயரே ஓட்டுகிறவருக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது பாலம் வந்துவிட்டது. நான் அக்கரையில் தொடக்கப்பள்ளி வாத்தியாராக இருந்த காலத்தில், காலையும் மாலையும் சர்வீஸின் தயவில்தான் என் உத்தியோகம் நடந்தது.

அந்த மனிதருக்கு உட்காரத் தெரியாது. நின்றுகொண்டே கோல் ஊன்றுவார், பாய் விரித்தால் நின்றுகொண்டே கயிறு பிடிப்பார், நின்றுகொண்டே சாப்பிடுவார். ஆள் சேரும்வரை காத்திருக்கிற பத்து நிமிடத்தில் தண்ணீர் ஓரத்திலிருந்து டச்சுக் கல்லறை வாசல் வரை நாலு தடவை போய்த் திரும்புவார். அந்த வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளுக்கே இவர் நடையைப் பார்த்துக் கால் வலித்திருக்கும். ஒரு முறை காய்ச்சலில் படுத்தபோது, கட்டிலில் மல்லாந்தபடி கால் இரண்டையும் மாற்றி மாற்றி நீட்டி மடக்கி நடந்துகொண்டிருந்தார் என்று ஊசி போட்ட கம்பவுண்டரே என்னிடம் சொன்னார்.

இத்தனை பரபரப்பான மனிதருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். அரை மணி நேரத் தண்ணீர். போனால் அக்கரை, வந்தால் இக்கரை.

"இருவத்தஞ்சு வருசமா போயினே கீறேன் சாரு, இன்னும் எங்கியும் போய்ச் சேரல" என்பார்.

இதற்கு அவர் ஒரு சரித்திரக் காரணமும் வைத்திருந்தார். புதிதாக யார் தோணியில் ஏறினாலும் அதைக் கேட்டே ஆகவேண்டும். ஒல்லாந்துக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டில் கோட்டை கட்டி ஆண்ட காலத்தில், அவர்களுடைய பெரிய கப்பல்கள் ஏரிக்குள் வராது. முகத்துவாரத்துக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டைகளைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்த்தது சர்வீஸின் முன்னோர்கள். மூட்டை கப்பலேறி ஊர் ஊராகப் போய்விடும். முன்னோர் திரும்பி வந்துவிடுவார். "அன்னிலருந்து எங்க வம்சம் பாதி தூரம் போய்ட்டுத் திரும்பினு கீது" என்று முடிப்பார். எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இது இல்லை. பொய் என்று சொல்லவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

வம்சத்துக் கட்டளை ஒன்றும் உண்டு. கரையில் நின்று யார் கை காட்டினாலும் தோணி திரும்பியாக வேண்டும். பாதி ஏரி கடந்திருந்தாலும் சரி. கை காட்டினவனை விட்டுவிட்டுப் போனால் அந்தக் கை கனவில் வருமாம். இதனால் நான் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தில் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். நடு ஏரியில் இருந்தபோது ஒரு மருமகள் கை காட்டினாள், திரும்பினோம். மறுபடி நடு ஏரி வந்தபோது அவளுடைய மாமியார் கை காட்டினாள், திரும்பினோம். மூன்றாம் தடவை மாமியார் கரையில் மறந்துவைத்துவிட்டு வந்த வெற்றிலைப் பைக்காகத் திரும்பினோம். பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்த என்னிடம் இன்ஸ்பெக்டர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். அன்று மாலை அவரும் அதே தோணியில்தான் திரும்ப வேண்டியிருந்தது. கரை இறங்கும்போது நான் எழுதிய விளக்கத்தை வாங்கிப் படிக்காமலே கிழித்துப்போட்டுவிட்டு, என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சர்வீஸுக்கு இருந்த ஒரே உறவு மகள். பெயர் பவுனு. மனைவி எப்போதோ இறந்துவிட்டார். பவுனைக் காசிமேட்டில் ஒரு விசைப்படகு டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். கல்யாணமாகி நாலு வருடத்தில் அப்பன் ஒரு தடவைகூட மகள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அந்தத் தோணிக்காரருக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது.

மகளின் சீமந்தத்துக்குப் போக பொன்னேரி பஸ்ஸில் ஏறினார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் கண்டக்டரே விசில் அடித்து இறக்கிவிட்டார். பேத்தி பிறந்தபோது இரண்டு கையிலும் எலுமிச்சம்பழத்தோடு ஏறினார். எலுமிச்சம்பழம் மட்டும் பொன்னேரி போய்ச் சேர்ந்தது. மூன்றாவது தடவை பொன்னேரி வரை நடந்தே போய் ரயில் ஏறினார். அது பஸ்ஸைவிட மோசம். "காத்தே இல்ல, அலையே இல்ல, சும்மாவே ஆடுது சாரு. எதுக்கு ஆடுதுன்னு தெரியாம எப்டி குந்தினு போறது" என்று திரும்பிவந்து என்னிடம் நியாயம் கேட்டார்.

காசிமேட்டில் இதை யார் நம்புவார்கள்? தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு பஸ்ஸில் வாந்தி வருகிறதாம் என்று பவுனின் மாமியார் சிரித்தாராம். நம்பாதவர்கள் வரிசையில் மகளும் சேர்ந்துவிட்டாள்.

ஒரு நாள் அவளிடமிருந்து கடிதம் வந்தது. சர்வீஸுக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டுகிற தோணியில், பதினைந்து பேர் நடுவில், என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். தனியாகப் படிக்கிறேன் என்றால் கேட்கவில்லை. படித்தேன்.

தை மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் முகூர்த்தம். 'நைனா, எனக்கு அம்மா இல்ல, கூடப்பொறந்தவன் இல்ல. நீ ஒருத்தன்தான். அம்மா வூட்டுப் பக்கம் ஒரு ஆள் இல்லாத அநாதைன்னு இங்க முடிவே பண்ணிட்டாங்க. நீ இந்தத் தபாவும் வரலன்னா நானும் அப்படியே வச்சிக்கறேன்.'

 சர்வீஸ் கோலை எடுத்துக் குறுக்கே வைத்துவிட்டு, என் எதிரில் பலகையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். தோணி நடு ஏரியில் தன் பாட்டுக்கு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, "கடல்ல போறேன்" என்றார்.

ஏரித் தோணி தட்டை அடி கொண்டது. அதை வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கடலில் போக முடியாது. ஆனால் முகத்துவாரத்துக்கு அருகில் ஆறு மாதமாக ஒரு பாய்மரப் படகு ஒருக்களித்துக் கிடந்தது. பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஓட்டுவது, இங்கிலீஷில் யாட் என்பார்கள். பொன்னேரிப் பக்கத்து ரைஸ்மில் முதலாளி ஒருவர் அதைச் சென்னையில் ஏலத்தில் எடுத்திருந்தார். பரம்பரையாக நெல் விளைவித்த குடும்பம். வயல் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாதவர். லாரியில் கொண்டுவந்து ஏரியில் இறக்கி, மனைவி, மைத்துனிகள், ஒரு குண்டான் புளியோதரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நாற்பது முழம் போயிருப்பார். படகு நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். அந்த மாதிரிப் படகின் வயிற்றுக்கு அடியில் ஓர் ஆள் இடுப்பளவுக்கு இரும்புத் தகடு ஒன்று கீழ்நோக்கித் தொங்கும். எங்கள் ஏரியின் ஆழம் பல இடங்களில் முழங்கால். தகடு சேற்றில் ஊன்றிக்கொண்டது. ஓதம், அதாவது கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர், வடிய வடியப் படகு மெதுவாகச் சாய்ந்தது. புளியோதரை ஏரிக்குப் போயிற்று. மைத்துனிகளை ஒவ்வொருவராக இறக்கிக் கரைசேர்த்தது சர்வீஸ்தான். முதலாளி கரையேறியதும் வேட்டியைப் பிழிந்தபடி, "இந்தச் சனியன எவனாவது எடுத்துக்கோங்கப்பா" என்று கும்பிட்டுவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு ஏரிப் பக்கமே வரவில்லை.

சர்வீஸ் அந்தப் படகைக் கழுவி, ஓட்டை அடைத்து, பாயைத் தைத்துத் தயார் செய்தார். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. தட்டை அடித் தோணியிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்கள். அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏகமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடியில் தொங்குகிற இரும்பு ஒரு வீண் சுமை, அதை அறுத்து எறிந்துவிட வேண்டும். வெல்டிங் பட்டறைக்காரர் சாமானோடு வந்தும்விட்டார். படகுக்குள் ஓர் இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. அதைப் புரட்டிப் பார்த்து, படகு கவிழாமல் பிடித்துவைப்பதே அந்த இரும்புதான் என்று நான் கத்திய பிறகுதான் நெருப்பை அணைத்தார்கள். என் வாழ்நாளில் படிப்பு பிரயோஜனப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

அந்தப் புத்தகம்தான் என்னை மாட்டியும் விட்டது. வழியில் எவனாவது அதிகாரி இங்கிலீஷில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டும், நீ வா என்றார். எனக்கு நீச்சல் தெரியாது என்றேன். கடல்ல நீந்தியா போகப் போறோம், படகுலதான என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்றேன். பொய் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. கடைசியில் கடிதத்தைப் படித்த வாய் என்ற குற்றத்துக்காக நான் ஒப்புக்கொண்டேன்.

முகத்துவாரத்தை எப்படித் தாண்டினோம் என்பதைச் சொல்ல வேண்டும். அங்கே மணல்மேடு. ஓதம் ஏறியிருந்தும் தகடு தட்டும் என்று தெரிந்தது. விடியும்போது தோணிரேவு குப்பத்திலிருந்து இருபது பேர் வந்தார்கள். இருபது பேரும் படகின் ஒரே ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். படகு சாய்ந்தது. சாய்ந்ததும் அடியில் இருந்த தகடும் சாய்ந்து மேலே வந்தது. அப்படியே பக்கவாட்டில் படுத்தபடி கடலுக்குள் போனோம். நான் எதிர்ப்பக்கக் கம்பியைக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் தொங்கினேன். ஆழம் வந்ததும் இருபது பேரும் தண்ணீரில் குதித்து நீந்திக் கரைக்குப் போய்விட்டார்கள். படகு நிமிர்ந்தது. நான் தொங்கியது போதும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வாடைக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. கரையை வலப்பக்கம் வைத்துத் தெற்கே போனால் காட்டுப்பள்ளி, எண்ணூர், திருவொற்றியூர், அதன் பிறகு காசிமேடு. எங்கும் நிற்காமல் போனால் பதினோரு மணிக்குப் போய்ச் சேரலாம் என்று சர்வீஸ் கணக்குப் போட்டார். நிற்காமல் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது மயக்கம்தான். படகின் கழிப்பறைக்குள் போய் அடைக்கலமானேன். ஆம், அந்தப் படகுக்குள் கழிப்பறை இருந்தது. அடுப்பு ஆடாமல் இருக்க ஊஞ்சல் மாதிரி ஓர் ஏற்பாடு இருந்தது. திசைகாட்டும் கருவி ஒன்றும் இருந்தது. முள் நிற்காமல் ஆடுகிறது, பார்த்தால் தலை சுற்றுகிறது என்று சொல்லி சர்வீஸ் அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். படகு திரும்புவது தெரிந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். கரையில் ஒரு குப்பம். ஒரு பெண் தலையில் கூடையோடு நின்று கை காட்டிக்கொண்டிருந்தாள். "ஒரே ஒரு ஆளுதான் சாரு" என்றார் சர்வீஸ், என் முகத்தைப் பார்க்காமல்.

அலை உடைகிற இடத்துக்குப் போனால் தகடு தட்டும். அதனால் தூரத்திலேயே பாயை இறக்கி நிறுத்தினார். கரையிலிருந்து ஒரு கட்டுமரக்காரர் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார். அஞ்சலை என்று பெயர், காசிமேட்டில் விற்கக் கருவாடு கொண்டு போகிறவள். எண்ணூர் வரை மணலில் நடந்து பஸ் பிடிக்க வேண்டியவள், உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டாள். கருவாட்டுக் கூடையை எனக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்று நான் பட்ட பாட்டில் அது முதல் அத்தியாயம்.

காட்டுப்பள்ளியில் இன்று பெரிய துறைமுகம் இருக்கிறது. அன்று வெறும் மணலும் சவுக்கும் குடிசையும். அங்கே ஒரே சமயத்தில் நாலைந்து கைகள் உயர்ந்தன. பெரியாஸ்பத்திரிக்கு அப்பாவை அழைத்துப் போகிற மகன், நண்டுக் கூடையோடு மூன்று பெண்கள், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டோடு ஒருவர். கரையிலிருந்து கட்டுமரங்கள் வரிசையாக எங்களை நோக்கி வந்தன. சர்வீஸ் சுக்கானைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பரபரப்பான அந்த முகத்தில் ஒரு நிமிஷம் வேறு என்னவோ வந்து போயிற்று.

"சாரு, பாத்தியா, கரையிலருந்து ஆள் ஏத்தினு வராங்க. இப்ப நான் கப்பலு" என்றார்.

எனக்கு அப்போது அதை ரசிக்கும் நிலை இல்லை. நண்டுகளை ஈரமான இடத்தில் வைக்க வேண்டுமென்று கழிப்பறைத் தொட்டிக்குள் கொட்டிவிட்டார்கள். என் கடைசிப் புகலிடமும் போய்விட்டது. மேல்தட்டில் ஆட்டின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆடு என்னைவிடத் தெளிவாக இருந்தது.

எண்ணூரை நெருங்கும்போது புருஷனோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குக் கிளம்பிய ஒருத்தி ஏறினாள். அவள் ஏறிய கட்டுமரம் திரும்புவதற்குள் இன்னொரு கட்டுமரத்தில் அந்தப் புருஷன் துரத்திக்கொண்டு வந்து ஏறினான். இருவரும் படகின் இரண்டு நுனியில் உட்கார்ந்து, நடுவில் இருந்த எங்கள் வழியாகச் சண்டையைத் தொடர்ந்தார்கள். அவர்கள் பின்னாலேயே பெரிய பெட்டியோடு ஒரு வளையல்காரர். மொத்தம் பத்துப் பேர். என் கைக்கடிகாரத்தில் மணி பதினொன்று. முகூர்த்தம் முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டே இன்னும் பின்னால் போகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. வயிறு காலியானவனுக்கு வருகிற கோபம் சாதாரணமானது இல்லை. எழுந்து நின்று கத்தினேன். "சர்வீஸ், அங்க ஒரு பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. இன்னிக்கு ஒரு நாள் அப்பனா இரு. நாளைக்கு சர்வீஸா இருந்துக்கலாம்."

படகில் புருஷன் பெண்டாட்டி சண்டைகூட நின்றுவிட்டது. விஷயம் என்ன என்று அஞ்சலை கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், பஸ், மாமியார், எல்லாம். சர்வீஸ் பாயை இன்னும் விரித்துக் கட்டினார். படகு வேகம் பிடித்தது.

அப்போது கரையில் ஒருவன் மண்மேட்டில் நின்று சட்டையைக் கழற்றிச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினான். இரண்டு கையாலும் காட்டினான். நாங்கள் பதினோரு பேரும் சர்வீஸையே பார்த்தோம். அவர் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடந்துவிட்டோம். அஞ்சலை பெருமூச்சு விட்டாள்.

ஐந்து நிமிடம் போயிற்று. சர்வீஸ் சுக்கானை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பத்து நிமிடம். ஒற்றைக் காலில் நின்றார், மறு காலுக்கு மாறினார். கழுத்து மட்டும் பின்னால் பின்னால் போயிற்று. கால்மணி ஆகும்போது படகைத் திருப்பிவிட்டார்.

"கை காட்டறவன வுட்டுட்டுப் போயி எம்பொண்ணு மூஞ்ச எப்டி பாக்கறது சாரு" என்றார். "அவளும் நாலு வருசமா எனக்குக் கை காட்டினுதான கீறா."

 நான் அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்தேன்.

காற்றோடு வந்த தூரத்தைக் காற்றை எதிர்த்துத் திரும்பிப் போவது சுலபம் இல்லை. புத்தகத்தில் படம் போட்டிருந்தபடி, கரைப் பக்கம் ஒரு சாய்வு, கடல் பக்கம் ஒரு சாய்வு என்று குறுக்கும் நெடுக்கும் அறுத்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வீசும். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு ஓரம் மாற வேண்டும். ஆடு மூன்றாவது திருப்பத்திலேயே பழகிக்கொண்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பக்கத்தில் போய் நிறுத்தி, சர்வீஸ் இரண்டு கையையும் வாயில் குவித்து, எங்கே போகணும் என்று கூவினார்.

அந்த ஆள் எங்கேயும் போக வேண்டியவன் இல்லை. மணலில் காயப்போட்ட கருவாட்டைக் காக்கை தூக்காமல் சட்டையால் ஓட்டிக்கொண்டிருந்தான்.

 சர்வீஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். காக்கை ஓட்டிய ஆளுக்குப் பாவமாகப் போய்விட்டது. கரையிலிருந்தே, "இவ்ளோ தூரம் எனுக்காகத் திரும்பி வந்துட்டியேண்ணே" என்று கூவினான். பொண்டாட்டியைக் கூப்பிட்டுக் கருவாட்டை ஒப்படைத்தான். மெட்ராஸை ஒரு தபா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, காக்கை ஓட்டிய அதே சட்டையை மாட்டிக்கொண்டு நீந்தியே வந்து ஏறிவிட்டான். பதினொன்றாவது டிக்கெட்.

காசிமேட்டில் நங்கூரம் போட்டபோது மணி இரண்டு தாண்டிவிட்டது. சர்வீஸ் இறங்கவில்லை. பாய்க் கயிற்றைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். போய் என்ன சொல்றது என்று முணுமுணுத்தார். அஞ்சலைதான் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு, "எங்களாலதான லேட்டு. நாங்க வந்து சொல்றோம், நட" என்றாள்.

ஒருவரும் பிரிந்து போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பெரியவர்கூட, இருமல் எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லிவிட்டார். சந்து சந்தாகப் போனோம். முன்னால் சர்வீஸ். பின்னால் கருவாட்டுக் கூடை, நண்டுக் கூடைகள், வளையல் பெட்டி, மாலை போட்ட ஆடு. சண்டைக்காரப் புருஷன் ஒரு கூடையைச் சுமக்க, பெண்டாட்டி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கடைசியில், கழிப்பறை நண்டு வேட்டியைக் கிழித்த நிலையில் நான். தெருவில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எங்கே இவ்வளவு பெரிய சீர்வரிசை போகிறது என்று ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது.

பந்தலில் பாதி நாற்காலியை மடக்கிவிட்டார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். காது குத்த வந்த ஆசாரி கம்பத்தில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் விரித்த பாயில் பவுனு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அப்படித்தானாம். மாமியார் வீட்டுப் பக்கம் யாரோ ஒருவரை மாமன் இடத்தில் உட்காரவைத்து முடித்துவிடலாம் என்று எத்தனை பேர் சொல்லியும், "நைனா வந்துனு கீறாரு" என்ற ஒரே பதில். கடிதத்தில் அப்படி எழுதின பெண்தான்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் பந்தல் கொள்ளாமல் நின்ற எங்களைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள். சர்வீஸ் தோணியில் வளர்ந்த பெண்ணுக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்? உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மாமியார் முன்னால் வந்தார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகளைக் கேட்டார். "யார் இவங்கல்லாம்? ஒனக்கு ஒறவுன்னு யாருமே இல்லன்னு சொன்ன?"

சர்வீஸுக்குப் பொய் சொல்ல வராது. எல்லாரும் வழியில் கை காட்டி ஏறினவங்கதான் என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பவுனு குறுக்கே பேசினாள்.

"எங்க அம்மா வூட்டு ஜனங்க, அத்தே" என்றாள். "கடல்ல வந்தாங்க. அதான் நேரமாயிடுச்சு."

அஞ்சலை நடந்து வந்து அவள் தலையைத் தடவித் திருஷ்டி கழித்தாள். வளையல்காரர் பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். நண்டுக்காரப் பெண்கள் கேட்காமலே சமையல் கட்டுக்குள் போய்விட்டார்கள். காக்கை ஓட்டியவன் மடக்கின நாற்காலிகளைத் திரும்ப விரித்துப் போட்டான். மாமியார் உள்ளே போய், எங்களுக்காக அரிசி களையச் சொன்னார். முகூர்த்தம் தப்பிவிட்டதே என்று யாரோ சொன்னதற்கு, விழித்துக்கொண்ட ஆசாரி, எமகண்டமும் முடிந்துவிட்டது, இனி எல்லாம் நல்ல நேரம்தான் என்று ஊசியை எடுத்துவிட்டார். பிறகு, "தாய்மாமன் யாரு? வந்து குந்துங்க" என்றார்.

பவுனுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. சர்வீஸ் திரும்பி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். கை காட்டி ஏறாமல், அவரே கூப்பிட்டு ஏற்றிய ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

"சாரு, நீ குந்து" என்றார்.

நான் குந்தினேன். கிழிந்த வேட்டியும் கருவாட்டு நாற்றமுமாகப் பாயில் சம்மணம் போட்டேன். பவுனு குழந்தையை என் மடியில் வைத்தாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. ஊசி இறங்கியதும் வீரிட்டு அழுதது. நானும் அழுதேன். கடலில் வாந்தி எடுத்த களைப்பு என்று அப்போது சொல்லிச் சமாளித்தேன். அது இல்லை.

நான் ஒற்றைப் பிள்ளை. அக்கா தங்கை என்று யாரும் எனக்கு இல்லை. அன்றைக்கு அரை மணி நேரத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, உட்கார்ந்தேன், அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன். பிறகு பவுனு ஒவ்வொரு நல்ல நாளுக்கும் அண்ணே என்று கடிதம் போட்டாள். சர்வீஸ் போய்ப் பல வருடமாயிற்று. அந்தக் குழந்தைக்குப் போன ஆவணியில் கல்யாணம். பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயரை அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது, அதை நான் படித்துக் காட்ட அந்த மனிதர் இல்லையே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.